பாபெட்டின் விருந்தும் பன்னிரண்டு பேர் பந்தியும்

திரைப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவன எவை? அடுக்கடுக்கான பாட்டுகள், நான்கு சண்டைகள், ஒரு துரத்தல், முடிவில் ஒரு திருமணம். டென்மார்க் நாட்டில் 1987-ஆம் ஆண்டு வெளிவந்த 'பாபெட்டின் விருந்து' என்ற படத்தின் கதையைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் பாதியில் சில முதியவர்கள் ஜெபம் செய்கிறார்கள், காய்ந்த மீன் உண்கிறார்கள். இரண்டாம் பாதியில் அதே முதியவர்கள் அருமையான விருந்து உண்கிறார்கள். உண்ணும்போது உணவைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று முன்கூட்டியே சத்தியம் செய்துகொள்கிறார்கள். கதை இவ்வளவுதான்.

இந்தப் படத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் தோழியருள் ஒருத்தி, "சமையல் குறிப்பு எழுதப்போகிறாயா?" என்று கேலி செய்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இப்படத்தைப் புகழ்பவர்களில் பெரும்பாலோர் அந்தச் சமையலைத்தான் புகழ்கிறார்கள். ஆமை சூப்பு என்ன, காடை என்ன, திராட்சை மது என்ன என்று வியக்கிறார்கள். ஆனால் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். அதே உணவைப் பாரிஸ் நகரத்துப் பணக்காரர்கள் பன்னிரண்டு பேர் உண்பதாகக் காட்டியிருந்தால் நம் கண்களில் நீர் வருமா? நாவில் வேண்டுமானால் நீர் ஊறும்! படம் நம் நெஞ்சைத் தொடுவதற்குக் காரணம் சமைத்தவள் மட்டுமன்று, பந்தியில் உட்கார்ந்தவர்களும்தான். அந்தச் சின்னஞ்சிறு கிராமத்தார் ஓர் அந்நியப் பெண்ணை எப்படி ஏற்றார்கள், எதுவரை ஏற்றார்கள் என்பதில்தான் இப்படத்தின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை இங்கே விளக்க முயல்கிறேன்.

கதையை எழுதியவர் கேரன் பிளிக்சன் என்ற டென்மார்க் பெண்மணி. ஐசக் தினேசன் என்று ஆணின் பெயரைப் புனைந்துகொண்டு எழுதியவர். இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதி, 1950-ல் ஓர் அமெரிக்கப் பெண்கள் பத்திரிகையில் வெளியிட்டார். அவர் கதையில் ஊர் நார்வே நாட்டில் இருக்கிறது. படத்தை இயக்கிய கேப்ரியல் ஆக்செல் அதை டென்மார்க்கின் ஜட்லாந்துக் கடற்கரைக்கு மாற்றிவிட்டார். அங்கே கடலும் சாம்பல் நிறம், வானும் சாம்பல் நிறம், மனிதர்களின் உடையும் சாம்பல் நிறம். ஊர் அழகாக இருந்துவிட்டால் பிறகு விருந்து எப்படி அழகாகத் தெரியும்? 1988-ல் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற இதுவே அவ்விருதை வென்ற முதல் டென்மார்க் படம். விருதை வாங்கியபோது ஆக்செல் எழுபது வயதை நெருங்கியிருந்தார். முதியவர்களைப் பற்றிய படத்தை ஒரு முதியவர்தான் எடுத்திருக்கிறார்.

இனி கதைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு. கடற்கரைக் குக்கிராமம் ஒன்றில் புரோட்டஸ்டண்ட் போதகர் ஒருவர் தமக்கென ஒரு சிறு சபையை உருவாக்கி வைத்திருந்தார். உலக இன்பங்கள் வேண்டா, ஆண்டவர் ஒருவரே போதும் என்பது அச்சபையாரின் கொள்கை. அவருக்கு இரண்டு பெண்கள். மார்ட்டின் லூத்தரின் நினைவாக மூத்தவளுக்கு மார்த்தினே என்றும், லூத்தரின் நண்பர் பிலிப் மெலாங்தனின் நினைவாக இளையவளுக்குப் பிலிப்பா என்றும் பெயர். இருவரும் பேரழகிகள். லோரன்ஸ் என்ற இளம் இராணுவ அதிகாரி மார்த்தினேயின்மேல் அன்பு கொண்டான். சொல்ல வாய் வராமல் திரும்பிப் போனான். அஷில் பாப்பேன் என்ற பாரிஸ் இசைப் பாடகர் பிலிப்பாவின் குரலைக் கேட்டு மயங்கி, அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். சில நாட்களில் அவளே பாடம் போதும் என்று நிறுத்திவிட்டாள். அக்காவும் தங்கையும் தந்தையின் சபைக்கே தங்களைக் கொடுத்துவிட்டு, ஏழைகளுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுத்து முதுமை அடைந்தார்கள்.

1871-ஆம் ஆண்டு. ஒரு புயல் இரவு. நனைந்து நடுங்கியபடி ஒரு பிரெஞ்சுப் பெண் அவர்கள் வீட்டுக் கதவருகே வந்து விழுகிறாள். அவள்தான் பாபெட். அந்த ஆண்டில் பாரிஸ் மக்கள் கிளர்ந்தெழுந்து 'கம்யூன்' என்ற தங்கள் சொந்த ஆட்சியை அமைத்தார்கள் என்பதும், இரண்டே மாதங்களில் அரசுப் படை அதை இரத்த வெள்ளத்தில் அடக்கியது என்பதும் வரலாறு. அந்த வெள்ளத்தில் பாபெட்டின் கணவனும் மகனும் போய்விட்டார்கள். பழைய பாடகர் பாப்பேன் எழுதிய கடிதம் ஒன்றே அவள் கையில் இருக்கிறது. அதன் முடிவில் 'பாபெட்டுக்குச் சமைக்கத் தெரியும்' என்று போகிற போக்கில் ஒரு வரி. சம்பளம் கொடுக்க எங்களிடம் பணமில்லையே என்கிறார்கள் சகோதரிகள். சம்பளமே வேண்டாம், வேலை செய்ய விட்டால் போதும் என்கிறாள் அவள்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கிறது. மார்த்தினே அம்மையார் பாபெட்டுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கிறார்! காய்ந்த மீனை எப்படி ஊறவைப்பது, பழைய ரொட்டியை பீரில் போட்டு எப்படிக் கஞ்சி போலக் காய்ச்சுவது என்று நிதானமாகச் செய்து காட்டுகிறார். பாபெட்டும் பணிவோடு பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாபெட்டாக நடித்த ஸ்தெஃபான் ஓத்ரான் அம்மையாரின் நடிப்பை இந்த ஓர் இடத்துக்காகவே பாராட்டலாம். அவள் யார் என்பது நமக்கு அப்போது தெரியாது. முடிவு தெரிந்தபின் இரண்டாம் முறை பார்க்கும்போதுதான், சங்கீத வித்துவானுக்கு ஒருவர் சரளி வரிசை சொல்லிக்கொடுப்பதைப் பார்ப்பது போல் இருக்கிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

பதினான்கு ஆண்டுகள் இப்படியே செல்கின்றன. பாபெட் மீன்காரரிடமும் கடைக்காரரிடமும் கறாராகப் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறாள். மலைச்சரிவில் மணமுள்ள தழைகளைப் பறித்துவந்து ஏழைகளின் சூப்பில் போடுகிறாள். வீட்டுச் செலவு குறைகிறது, சாப்பாட்டின் சுவை கூடுகிறது. ஒருமுறை அவள் சில நாள் வெளியூர் போகிறாள். அந்த நாட்களில் சகோதரிகள் பழைய முறையில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுக்க, படுக்கையிலிருக்கும் ஒரு கிழவர் ஒரு வாய் உண்டுவிட்டு முகத்தைச் சுளிக்கிறார் பாருங்கள்! வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சுளித்த முகமே அந்த ஊரார் பாபெட்டுக்குக் கொடுத்த முதல் பாராட்டுப் பத்திரம்.

இது ஏற்றுக்கொள்ளுதலின் முதற்படி. ஊரார் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் கத்தோலிக்கப் பெண் என்பதற்காகவோ, வேற்று மொழிக்காரி என்பதற்காகவோ யாரும் அவளைத் துரத்தவில்லை. பசியோடும் பயத்தோடும் வந்தவளுக்குக் கூரையும் பணியும் மரியாதையும் கிடைத்தன. ஆனால் நீ பாரிசில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று பதினான்கு ஆண்டுகளில் ஒருவர்கூட அவளைக் கேட்டதாகப் படம் காட்டவில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவேன்.

இதற்கிடையில் சபை நலிந்து போகிறது. போதகர் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. கூட்டத்தில் மிஞ்சியவர்கள் எல்லாரும் கிழவர், கிழவியர். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் பழைய கணக்கைத் திறக்கிறார்கள். அன்று நீ என்னை ஏமாற்றினாய் என்கிறார் ஒருவர். நீ என்னைப் பற்றி ஊரில் என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியும் என்கிறாள் ஒருத்தி. இளமையில் செய்த பிழை ஒன்று இன்னும் இருவர் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரே பாட்டைப் பாடுகிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கோவில் திருவிழாக் கமிட்டிகளைப் பார்த்திருப்பவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

அப்போதுதான் பாபெட்டுக்குப் பிரெஞ்சு லாட்டரியில் 10,000 பிராங்க் பரிசு விழுகிறது. பாரிசில் இருந்த நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் புதுப்பித்து வந்த சீட்டு அது. அவளுக்கும் அவள் தாய்நாட்டுக்கும் மிஞ்சியிருந்த ஒரே நூலும் அதுதான். இனி அவள் ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்று சகோதரிகள் மனம் கலங்குகிறார்கள். பாபெட்டோ ஒரு வேண்டுகோள் விடுக்கிறாள். போதகரின் நூறாவது பிறந்தநாள் டிசம்பர் 15-ல் வருகிறது. அன்று ஓர் உண்மையான பிரெஞ்சு விருந்தைத் தானே சமைக்க வேண்டும், செலவும் தன்னுடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்கிறாள். சகோதரிகள் முதலில் மறுக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் உங்களிடம் எதையும் கேட்டதில்லையே என்கிறாள் அவள். மறுக்க முடியவில்லை.

பொருள்கள் படகில் வந்து இறங்குகின்றன. கூண்டில் உயிருள்ள காடைகள், ஐஸ் கட்டி, மதுப் புட்டிகள், கழுத்தை நீட்டி மெல்ல அசையும் பெரிய கடலாமை! அதைப் பார்த்த மார்த்தினேக்கு இரவில் கெட்ட கனவு வருகிறது. தந்தையின் வீட்டில் சூனியக்காரிகளின் விருந்தல்லவா நடக்கப்போகிறது என்று அஞ்சி, சபையாரை இரகசியமாகக் கூட்டி அழுகிறார். இந்த இடம் மிக முக்கியமானது. அந்தக் கிழவர்களும் கிழவிகளும் என்ன சொல்லியிருக்கலாம்? விருந்துக்கு வரமாட்டோம் என்று சொல்லியிருக்கலாம். அந்த அந்நியப் பெண்ணை வெளியே அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்வது வேறு. நாங்கள் வருகிறோம், வைப்பதை உண்கிறோம், ஆனால் எங்கள் நாக்கு ருசியை அறியாதது போல இருந்துவிடுவோம், உணவைப் பற்றியோ பானத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லமாட்டோம் என்று உறுதி கூறுகிறார்கள்.

இதைக் கேட்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனாலும் யோசித்துப் பார்த்தால் இது அந்தச் சபை பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒற்றுமையாக எடுத்த முதல் முடிவு. பயந்த இரு சகோதரிகளின் மீதுள்ள அன்பினால் எடுத்த முடிவு. விருந்து தொடங்குமுன்பே அந்த விருந்து அவர்களை ஒன்றாக்கிவிட்டது!

டிசம்பர் 15 வருகிறது. அந்தப் பகுதியில் வாழும் மூதாட்டி ஒருவர் தம் மருமகனையும் அழைத்துவருகிறார். அவர்தான் முன்னாளில் மார்த்தினேயிடம் பேச வாய் வராமல் திரும்பிப்போன லோரன்ஸ். இப்போது மார்பு நிறையப் பதக்கம் அணிந்த தளபதி. அவரையும் சேர்த்துப் பந்தியில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு என்றதும் இறுதி இராவுணவு நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அப்போஸ்தலர்கள் வாயை மூடிக்கொண்டு உண்டதாகப் படித்ததில்லை.

முதலில் ஆமை சூப்பு. அதனுடன் அமொன்டிலாடோ என்ற மது. அடுத்து பிளினி எனப்படும் சிறு தோசை போன்ற பண்டம், அதன்மேல் மீன் முட்டை. கூடவே 1860-ஆம் ஆண்டின் வெவ் கிளிக்கோ ஷாம்பெய்ன். பிறகு அப்பப் பெட்டிக்குள் வைத்த காடை, அதனோடு 1845-ஆம் ஆண்டு கிளோ தெ வூஜோ மது. அதன்பின் கீரை, பாலாடைக்கட்டி, ரம்மில் ஊறிய கேக், அத்திப்பழம், காப்பி. தளபதி மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் திடுக்கிட்டு, இது அமொன்டிலாடோ அல்லவா என்று பக்கத்தில் இருப்பவரிடம் வியக்கிறார். பக்கத்தில் இருப்பவரோ வானிலையைப் பற்றியும் மறைந்த போதகரின் பொன்மொழிகளைப் பற்றியும் பதில் சொல்கிறார்! கானாவூர்த் திருமணத்தைப் போலத்தான், அங்கும் உணவா பெரிது என்று ஒருவர் மெல்லச் சொல்கிறார். விவிலியம் படித்த நமக்கு இந்த இடத்தில் சிரிக்காமல் இருக்க முடியாது. கானாவூரில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதல்லவா முழுச் சிக்கலும்? ஆறு கற்சாடி நிறைய நல்ல இரசம் வந்ததல்லவா முதல் அற்புதம்?

இயக்குநரின் திறமை இங்கே எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வாயை மூடிவிட்டதால் அவர் முகங்களைப் பேசவைக்கிறார். கேமரா ஒவ்வொரு சுருங்கிய முகமாக நெருங்கிப் பார்க்கிறது. ஒரு கிழவி ஷாம்பெய்னை ஏதோ எலுமிச்சைப் பானம் என்று எண்ணி மகிழ்கிறாள். பிறகு தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, இது அது இல்லையே என்பது போலக் குவளையைத் தள்ளிவைக்கிறாள். காடையை எப்படி உண்பதென்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஓரக்கண்ணால் தளபதியைப் பார்க்கிறார்கள். அவர் தலையைக் கையில் எடுத்து உறிஞ்சினால் அவர்களும் உறிஞ்சுகிறார்கள். மிஞ்சிய சாற்றை அவர் கரண்டியால் எடுத்தால் அவர்களும் எடுக்கிறார்கள். முதல் வகுப்பில் நாம் எழுத்துப் பழகியதும் இப்படித்தான். சத்தியத்தை மீறவும் இல்லை, விருந்தை அவமதிக்கவும் இல்லை.

தளபதி மட்டும் அங்கே இல்லாவிட்டால் நமக்கு அந்த உணவின் மதிப்பே தெரிந்திருக்காது. அவர் சொல்லச் சொல்லத்தான் நமக்குத் தெரிகிறது. ஊரார் மட்டும் அங்கே இல்லாவிட்டாலோ, மதிப்பு தெரிந்தும் நமக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அறிவு ஒருவரிடம், அன்பு மற்றவர்களிடம். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பதால்தான் படம் பார்ப்பவரின் மனம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. இந்த அமைப்பு பிளிக்சனின் கதையிலேயே இருக்கிறது. என்றாலும் முதியவர்களின் முகச் சுருக்கங்களைத் திரையில்தானே காண முடியும்!

மெல்ல மெல்ல முகங்கள் இளகுகின்றன. நீ என்னை ஏமாற்றினாய் என்று முன்பு சண்டையிட்டவர் இப்போதும் அதையே சொல்கிறார். ஆனால் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆமாம், ஏமாற்றினேன், நீயும் ஏமாற்றினாயே என்று அடுத்தவரும் சிரிக்கிறார். பகை கொண்ட இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கனிவோடு பார்க்கிறார்கள். தளபதி எழுந்து, திருப்பாடல் 85-ஐ அடியொற்றி இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். வாழ்க்கையில் ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றை இழந்துவிட்டோம் என்று அஞ்சுகிறோமே, இழந்ததும் நமக்குக் கொடுக்கப்படுகிறது என்பது அவர் பேச்சின் கருத்து. அவர் ஒருமுறைகூடச் சமையல்காரியின் பெயரைச் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாதே! விருந்து முடிந்து வெளியே வந்த முதியவர்கள், விண்மீன்களின் கீழே கிணற்றைச் சுற்றிக் கைகோத்துக் குழந்தைகளைப் போலப் பாடி ஆடுகிறார்கள். எழுபது, எண்பது வயதுக் குழந்தைகள்! படத்தின் மிக அழகிய காட்சி எது என்று கேட்டால், காடையை விட்டுவிட்டு இதைத்தான் சொல்வேன்.

இந்தப் படத்தை என் பெற்றோருடன் மறுபடியும் பார்த்தேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு எழுந்து போவது நம் வீட்டில் தினமும் நடக்கிறதே, அதற்குச் சத்தியம் வேறு செய்ய வேண்டுமா என்றார்கள் அம்மா. அப்பா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பதினான்கு வருஷம் சம்பளமில்லாமல் வேலை வாங்கியிருக்கிறார்களே, அதை நீ எப்படி ஏற்றுக்கொள்ளுதல் என்கிறாய் என்று என்னைக் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். சமையல் குறிப்பா என்று கேலி செய்த தோழியும் படம் பார்த்தபின் இதையேதான் வேறு விதமாகக் கேட்டாள். ஊரார் விருந்தை ஏற்றார்கள், விருந்து படைத்தவளை எங்கே ஏற்றார்கள் என்றாள். அவர்கள் நட்சத்திரங்களின் கீழே ஆடும்போது பாபெட் எங்கே இருக்கிறாள்? பாத்திரங்கள் குவிந்த சமையலறையில், களைத்துப்போய்த் தனியே உட்கார்ந்திருக்கிறாள். ஒருவரும் உள்ளே எட்டிப் பார்த்து, நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

நான் எட்டாம் வகுப்பில், அப்பாவின் வேலை மாற்றலால் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். எனக்குப் பெஞ்சில் முதல் நாளே இடம் கிடைத்தது. நோட்டுக் கொடுத்து உதவியவர்களும் உண்டு. ஆனால் உங்கள் ஊரில் என்ன விளையாடுவீர்கள் என்று ஒருத்தி என்னைக் கேட்டது மூன்றாவது மாதத்தில். முதல் நாளின் தேதி எனக்கு மறந்துவிட்டது. அந்த மூன்றாவது மாதத்து நாளில் மழை பெய்தது என்பதுகூட நினைவிருக்கிறது. ஆகவே தோழியின் கேள்வியை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. இடம் கொடுப்பது ஒன்று, யார் நீ என்று கேட்பது இன்னொன்று. அந்த ஊரார் முதலாவதை மனமாரச் செய்தார்கள். இரண்டாவது அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். பாபெட் யார் என்பதை அறிந்திருந்தவர்கள் யார்? தளபதி பந்தியில் ஒரு பழைய நினைவைச் சொல்கிறார். பாரிசில் 'கஃபே ஆங்கிலே' என்ற உயர்ந்த உணவகத்தில் கலிஃபே என்ற படைத்தலைவர் தமக்கு விருந்தளித்தாராம். அங்கே தலைமைச் சமையற்காரர் ஒரு பெண் என்று அவர் பெருமையோடு புகழ்ந்தாராம். இதே காடையைத்தான் அன்றும் உண்டாராம். கஃபே ஆங்கிலே என்ற உணவகம் பாரிசில் உண்மையாகவே இருந்தது. கலிஃபேயும் உண்மையாக வாழ்ந்தவரே. 1871-ல் கம்யூனை ஈவிரக்கமின்றி அடக்கிய படைத்தலைவர்களுள் ஒருவர். ஆக, பாபெட்டின் கலையை முழுதும் அறிந்து போற்றியவர்கள் அவள் குடும்பத்தை அழித்த பக்கத்தில் நின்றவர்கள். அவள் கலையைப் பற்றி ஒன்றுமே அறியாதவர்களோ அவளுக்குக் கதவைத் திறந்தவர்கள். இதை நினைக்கும்போது, புகழ்ச்சி பெரிதா, கதவைத் திறப்பது பெரிதா என்று எனக்கே குழப்பமாகிவிடுகிறது. பாபெட் தன் 10,000 பிராங்கையும் எந்தப் பக்கத்தாருக்குச் செலவிட்டாள் என்பது மட்டும் குழப்பமில்லாமல் தெரிகிறது.

ஆம், முழுப் பணத்தையும் செலவிட்டுவிட்டாள். எல்லாரும் போனபின் சகோதரிகள் இருவரும் சமையலறைக்கு வருகிறார்கள். நல்ல விருந்து, எல்லாருக்கும் பிடித்திருந்தது என்கிறார்கள். அப்போதுதான் அவள், நான் ஒரு காலத்தில் கஃபே ஆங்கிலேயின் சமையற்கலைஞராக இருந்தேன் என்று சொல்கிறாள். நீ பாரிஸ் போன பிறகும் இந்த மாலையை நாங்கள் மறக்கமாட்டோம் என்கிறார்கள். நான் போகப்போவதில்லை, அங்கே எனக்கு யாரும் இல்லை, பணமும் இல்லை, பன்னிரண்டு பேருக்கு அங்கே விருந்தென்றால் 10,000 பிராங்க் ஆகும் என்கிறாள். எங்களுக்காகவா எல்லாவற்றையும் கொடுத்தாய் என்று அவர்கள் பதறும்போது, உங்களுக்காக மட்டுமன்று என்று தலை நிமிர்ந்து சொல்கிறாள். இனி வாழ்நாள் முழுதும் ஏழையாக இருப்பாயே என்று கவலைப்படும்போது, கலைஞர் ஒருநாளும் ஏழை ஆவதில்லை என்று பதில் தருகிறாள். அவள் குரலில் பணிப்பெண்ணின் பணிவு இல்லை. அந்த வீட்டில் முதன்முறையாக அவள் தன் பெயரோடும் தன் தொழிலோடும் நிற்கிறாள்.

அப்போது பிலிப்பா அவளை அணைத்துக்கொண்டு, விண்ணகத்தில் வானதூதர்களை நீ எவ்வளவு மகிழ்விப்பாய் என்ற பொருள்படச் சொல்கிறார். இந்த அணைப்பைத்தான் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2016-ல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற மடலில் குறிப்பிட்டிருக்கிறார்கள். திருத்தந்தை ஒருவர் குடும்ப வாழ்வைப் பற்றிய மடலில் ஒரு திரைப்படச் சமையலறையைக் குறிப்பிட்டது எனக்கு வியப்பாக இருந்தது. அந்தச் சொற்களைப் பிலிப்பா தாமாக உருவாக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பாடகர் பாப்பேன் தம் கடிதத்தில், பிலிப்பாவின் குரலை விண்ணகத்திலாவது கேட்பேன், அங்கே நீ தூதர்களை மகிழ்விப்பாய் என்று எழுதியிருந்தார். பாடாமல் விட்டுவிட்ட பிலிப்பாவுக்கு வந்த ஆறுதல் அது. அதை எடுத்துத் தம் சமையற்காரிக்குக் கொடுக்கிறார். தம்மைப் போலவே ஒரு கலைஞர் பதினான்கு ஆண்டுகளாகத் தம் அடுப்பருகே இருந்திருக்கிறார் என்று அவருக்கு அந்த நொடியில்தான் தெரிகிறது. ஊரில் மற்றவர்கள் எல்லாரும் பாடிக்கொண்டே போய்விட்டார்கள். அந்த ஒருவர் மட்டும் திரும்பி வந்து கேட்டார்.

என் தோழிக்கு இன்னும் திருப்தி இல்லை. ஒருவர் போதாது என்கிறாள். போதுமா போதாதா என்று நாங்கள் உணவு இடைவேளையில் இன்றும் வாதாடுகிறோம். மறுநாள் காலை அந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்பதை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டோம். முதியவர்கள் சற்றுத் தாமதமாக எழுந்திருப்பார்கள். சத்தியத்தைக் காப்பாற்றியாகிவிட்டது என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டிருப்பார்கள். பாபெட் வழக்கம்போலக் கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய், மீன்காரரிடம் நேற்றைய மீனா இன்றைய மீனா என்று கேட்டுப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள்.